தோட்டப் பாதைக்குக் குறைந்த மின்னழுத்த விளக்கு: டிரான்ஸ்பார்மர் தேர்வும் வயரிங் முறையும்

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை பக்கம் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கும் விவசாயிகளுக்கு இரவில் ஒரு நடை கட்டாயம் உண்டு. மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் மோட்டார் ரூம் வரை போக வேண்டும். பால் கறக்க விடிவதற்கு முன்பே மாட்டுக் கொட்டகைக்குப் போக வேண்டும். கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் வரப்போரம் நடமாடும் நேரமும் அதுதான். பாதைக்கு வெளிச்சம் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த வெளிச்சத்தை எப்படிக் கொண்டு போகிறோம் என்பதில்தான் சிக்கல்.

பல தோட்டங்களில் வீட்டு ஸ்விட்ச் போர்டில் இருந்து இரண்டு வயரை இழுத்து, சவுக்குக் கம்பிலோ வேப்பமரத்திலோ கட்டி, ஹோல்டரில் பல்பை மாட்டி விடுகிறார்கள். ஒரு வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்தால் வயரின் மேலுறை வெடித்துவிடும். கார்த்திகை மழையில் கம்பு சாய்ந்தால் 230 வோல்ட் ஈர மண்ணில் கிடக்கும். வீட்டில் யாராவது வெறுங்காலோடு போய் மிதித்தால் அதோடு போயிற்று. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே இப்படி நடக்கலாம். பியூஸ் போகாது, எம்.சி.பி.யும் விழாது.

இதற்கு நல்ல மாற்று, 230 வோல்ட்டை வீட்டுக் கூரையைத் தாண்ட விடாமல் அங்கேயே 24 அல்லது 12 வோல்ட்டாகக் குறைத்து, அந்தக் குறைந்த மின்னழுத்தத்தை மட்டும் தோட்டத்துக்குள் அனுப்புவது. பங்களாத் தோட்டங்களில் அலங்காரத்துக்காகச் செய்யும் வேலையாகத்தான் இதைப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மாடும் மடையும் உள்ள விவசாயத் தோட்டத்துக்குத்தான் இது அதிகம் தேவை.

ஏன் 12, 24 வோல்ட்?

நனைந்த உடம்பின் மின்தடையை ஏறக்குறைய 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டைத் தொட்டால் 230 மில்லி ஆம்பியர் உடம்பு வழியாகப் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பங்கே போதும். வீட்டில் மாட்டும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியருக்கே விழும்படி செய்யப்பட்டிருப்பது அதனால்தான். இதே கணக்கில் 24 வோல்ட்டுக்கு 24 மில்லி ஆம்பியர்தான் வரும். குறைந்த வோல்ட்டில் தோலின் தடை கூடுதலாக இருப்பதால் நடைமுறையில் அதைவிடவும் குறையும். மாடுகளின் உடல் மின்தடை மனிதரைவிடக் குறைவு. அதோடு அவை நான்கு காலையும் ஈரத்தரையில் ஊன்றி நிற்கின்றன. ஆள் சுருக்கென்று உணரும் கசிவிலேயே மாடு விழுந்துவிடலாம். கொட்டகை விளக்கையும் இந்த முறைக்கு மாற்றுவது நல்லது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

பாதை, வாசல், கொட்டகைக்கு 24 வோல்ட் டிசி சரியானது. தண்ணீர்த் தொட்டி, பண்ணைக்குட்டை என்று தண்ணீருக்குள் இறங்கும் விளக்கு இருந்தால் அதற்கு மட்டும் 12 வோல்ட் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

கடையில் எதைக் கேட்டு வாங்குவது?

எலக்ட்ரிக்கல் கடையில் 'பன்னிரண்டு வோல்ட் டிரான்ஸ்பார்மர்' என்று கேட்டால் நான்கைந்து விதமான பொருள்கள் மேசைக்கு வரும். எல்லாமே 12 வோல்ட் தரும், ஆனால் எல்லாமே தோட்டத்துக்கு ஆகாது.

இரும்பு உள்ளகத்தில் செம்புக் கம்பி சுற்றிய பழைய வகை டிரான்ஸ்பார்மர் கனமானது, முரட்டுத்தனமாக உழைக்கும். 230 வோல்ட் சுற்றும் குறைந்த வோல்ட் சுற்றும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக இருக்க வேண்டும். அதற்குப் பெயர் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர், கடையில் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் என்பார்கள். இது தருவது ஏசி. எனவே 'ஏசி/டிசி' என்று எழுதிய விளக்குகளைத்தான் இதில் போட வேண்டும். டிசி விளக்கை நேரடியாக மாட்டினால் மினுக்கும், சீக்கிரம் போய்விடும். இந்த வகையில் இன்னொரு குறையும் உண்டு. உள்ளே வரும் மின்னழுத்தம் ஏறினால் வெளியே வருவதும் அதே விகிதத்தில் ஏறும். இரவில் லோடு குறைந்து லைனில் 250 வோல்ட் வந்தால் 12 வோல்ட் 13 ஆகிவிடும்.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். அல்லது எல்.இ.டி. டிரைவர். எடை குறைவு, தருவது டிசி. லைனில் ஏற்ற இறக்கம் இருந்தாலும் வெளியே வரும் மின்னழுத்தம் நிலையாக இருக்கும். ஆலைகளின் லோடு ஏறி இறங்கும் சிப்காட் சுற்றுவட்டாரத்துக்கு இதுவே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. வாங்கும்போது, உள்ளீடு 90 முதல் 270 வோல்ட் வரை அல்லது அதற்கு நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். வெளியீடு 'நிலையான மின்னழுத்தம்', அதாவது கான்ஸ்டன்ட் வோல்டேஜ் வகையாக இருக்க வேண்டும். கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர் வேறு வேலைக்கானது. எஸ்.இ.எல்.வி. என்ற எழுத்துகள், பி.ஐ.எஸ். பதிவு எண், ஐ.பி. 65 அல்லது 67 என்ற எண் ஆகியவை உடம்பில் அச்சிட்டிருக்க வேண்டும். ஒட்டிய சீட்டைப் பார்த்து வாங்காதீர்கள். கூண்டு போல ஓட்டை வைத்த அலுமினிய எஸ்.எம்.பி.எஸ். விலை மலிவாகக் கிடைக்கும். அது வீட்டுக்குள் உலர்ந்த பெட்டியில் வைப்பதற்கானது. பல்லியும் எறும்பும் அதற்குள் குடியேறுவதை எலெக்ட்ரீஷியன்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

மூன்றாவது, ஆலஜன் விளக்குக்கு என்று விற்கும் சின்ன எலக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மர். இதை வாங்கவே வாங்காதீர்கள். இதன் வெளியீடு அதிக அதிர்வெண் கொண்ட ஏசி. விளக்குவரை இரண்டு மீட்டர் வயர் போவதற்கு மேல் இதற்குத் தாங்காது. குறைந்தபட்ச லோடும் தேவைப்படும். 5 வாட் எல்.இ.டி.யை மாட்டினால் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

ரேடியோ, ஆம்ப்ளிபயர் பாகங்கள் விற்கும் கடைகளில் 12-0-12 என்று ஒரு டிரான்ஸ்பார்மர் கிடைக்கும். இரண்டு ஓர முனைகளுக்கு இடையே 24 வோல்ட், நடு முனைக்கும் ஓரத்துக்கும் இடையே 12 வோல்ட். 3 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் மொத்தத் திறன் 72 வி.ஏ. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் பாதியான 36 வி.ஏ.தான் கிடைக்கும். இதன் 230 வோல்ட் முனைகள் மூடாமல் வெளியே தெரியும். வேறொரு கருவிக்குள் வைப்பதற்காகச் செய்தது இது, தோட்டத்துக்கு வேண்டாம்.

கடைசியாக, ஆட்டோ டிரான்ஸ்பார்மர். இதில் ஒரே சுற்றுதான். வோல்ட் குறையும், ஆனால் லைனில் இருந்து பிரிக்காது. நியூட்ரல் துண்டித்தால் வெளியே போகும் வயரிலேயே 230 வோல்ட் வந்து நிற்கும். கையில் இருப்பது எந்த வகை என்று தெரியவில்லையா? லைனில் மாட்டாமல், மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, உள்ளீட்டு முனை ஒன்றையும் வெளியீட்டு முனை ஒன்றையும் தொடுங்கள். எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. சில ஓம் காட்டினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எத்தனை வாட்?

ஒரு மாதிரித் தோட்டத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். வீட்டில் இருந்து மோட்டார் ரூம் 60 மீட்டர். 6 மீட்டருக்கு ஒன்றாக 5 வாட் விளக்கு 10, மொத்தம் 50 வாட். கொட்டகையில் 10 வாட் விளக்கு 2, அது 20 வாட். வாசலில் 10 வாட் ஒன்று. எல்லாம் சேர்த்து 80 வாட்.

டிரான்ஸ்பார்மரை அதன் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் பெட்டி எவ்வளவு கொதிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். 80-ஐ 0.8-ஆல் வகுத்தால் 100. ஆக 100 வாட் குறைந்த அளவு. அடுத்த வருடம் நாற்றங்கால் பக்கம் நான்கு விளக்கு கூட்டும் எண்ணம் இருந்தால் 150 வாட்டாக எடுத்துவிடலாம். அதற்கு மேல் பெரியதாகப் போவதில் பயன் இல்லை.

இரும்பு டிரான்ஸ்பார்மரின் அளவு வி.ஏ.யில் இருக்கும். எல்.இ.டி. விளக்குகளுக்கு வாட்டும் வி.ஏ.யும் ஒன்றாக இருக்காது, வி.ஏ. கூடுதலாக வரும். விளக்கின் உறையில் வி.ஏ. போட்டிருந்தால் அதைக் கூட்டுங்கள். இல்லையென்றால் ஒரு படி பெரிய டிரான்ஸ்பார்மராக வாங்குங்கள்.

வயர் தடிமனில்தான் பணமும் வெளிச்சமும்

இந்த வேலையில் பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். டிரான்ஸ்பார்மர் சரியாக இருக்கும், முதல் விளக்கு பளிச்சென்று எரியும், மோட்டார் ரூம் அருகே உள்ள கடைசி விளக்கு மின்மினி போல் இருக்கும். டிரான்ஸ்பார்மர் பழுது என்று நினைத்து மாற்றுவார்கள். மாற்றினாலும் அப்படியே இருக்கும்.

காரணம் வயரில் இழக்கும் மின்னழுத்தம். வோல்ட் குறையக் குறைய, அதே வாட்டுக்கு ஆம்பியர் ஏறும். 50 வாட்டுக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியருக்கும் குறைவு. 24 வோல்ட்டில் 2.08 ஆம்பியர், 12 வோல்ட்டில் 4.17 ஆம்பியர். ஆம்பியர் ஏறினால் இழப்பும் ஏறும்.

செம்பு வயருக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஒருவழித் தூரத்தை மீட்டரில் எடுத்து ஆம்பியரால் பெருக்குங்கள். அதை 0.04-ஆல் பெருக்கி, வயரின் ஸ்கொயர் எம்.எம். அளவால் வகுத்தால் இழக்கும் வோல்ட் கிடைக்கும். போகும் வயர், வரும் வயர் இரண்டும் இந்த 0.04-க்குள் அடக்கம். விளக்குகள் வழி நெடுகச் சீராகப் பரவியிருந்தால் முழுத் தூரத்தையும் எடுக்க வேண்டியதில்லை, பாதிக்குச் சற்று மேல் போதும். நம் மாதிரித் தோட்டத்தில் 60 மீட்டருக்கு 33 மீட்டர் என்று எடுக்கலாம்.

முதலில் 12 வோல்ட்டில் பார்ப்போம். ஒன்றரை ஸ்கொயர் வயர் போட்டால் 33 × 4.17 × 0.04 ÷ 1.5, அதாவது 3.7 வோல்ட் போய்விடும். கடைசி விளக்குக்கு மிஞ்சுவது 8.3 வோல்ட்தான். இரண்டரை ஸ்கொயர் போட்டாலும் 2.2 வோல்ட் இழப்பு. 6 ஸ்கொயர் வரை போனால்தான் இழப்பு 1 வோல்ட்டுக்குக் கீழே வரும். 60 மீட்டர் தூரத்துக்கு இரண்டு இழையாக 6 ஸ்கொயர் செம்பு வாங்கினால் விளக்கு, டிரான்ஸ்பார்மர் எல்லாவற்றையும்விட வயர்தான் விலை அதிகமாக இருக்கும்.

இதே பாதை 24 வோல்ட்டில் எப்படி? ஒன்றரை ஸ்கொயரில் இழப்பு 1.8 வோல்ட், அதாவது ஏழரை சதவீதம். இரண்டரை ஸ்கொயரில் 1.1 வோல்ட், 5 சதவீதத்துக்கும் குறைவு. கடைசி விளக்குக்கு ஏறக்குறைய 23 வோல்ட் கிடைக்கும். இழப்பு 5 சதவீதத்துக்குள் நின்றால் முதல் விளக்குக்கும் கடைசி விளக்குக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

'எல்லாரும் 12 வோல்ட்தான் வாங்கறாங்க' என்று கடையில் சொல்வார்கள். காரிலும் பைக்கிலும் 12 வோல்ட் புழங்குவதால் அந்த விளக்குகள் சல்லிசாகக் கிடைக்கும், அதுதான் காரணம். 15 மீட்டருக்குள் வேலை முடிந்துவிட்டால் 12 வோல்ட் போதும். அதைத் தாண்டினால் 24-க்குப் போய்விடுங்கள். '12–24 வோல்ட்' என்று எழுதிய விளக்குகளும் கிடைக்கின்றன. இழப்பைப் பொறுத்துக்கொள்ளும் என்பதால் அவை இன்னும் நல்லது.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள சுத்தமான செம்பு வயராகப் பாருங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயரும் சந்தையில் உண்டு. நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதன் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும் என்பதால் மேலே போட்ட கணக்கெல்லாம் பிழையாகிவிடும்.

இடம் அமைப்பு அனுமதித்தால், வயரை ஒரு முனையில் இருந்து ஆரம்பிக்காமல் பாதையின் நடுவில் கொண்டுபோய் அங்கிருந்து இரண்டு பக்கமும் பிரிக்கலாம். விளக்குகளுக்கு இடையே வெளிச்ச வித்தியாசம் அதில் இன்னும் குறையும்.

பெட்டியை எங்கே மாட்டுவது?

டிரான்ஸ்பார்மர் பெட்டி கூரைக்குக் கீழே, நிழலில், காற்றோட்டமான சுவரில் இருக்க வேண்டும். உயரம் எவ்வளவு என்பதை நம் பகுதியில் மழைதான் முடிவு செய்கிறது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது உங்கள் இடத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று சுவரில் பாருங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே இரண்டு அடியாவது விட்டு மாட்டுங்கள். தண்ணீரே ஏறாத மேட்டு நிலமாக இருந்தாலும் தரையில் இருந்து ஒன்றரை மீட்டர் உயரம் நல்லது. குழந்தைகளின் கைக்கும் எட்டாது. மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பக்கத்திலேயே மாட்டும் பழக்கம் வேண்டாம். அங்கு ஈரமும் அதிர்வும் அதிகம்.

பழவேற்காடு ஏரிக்கு அருகில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று ஒரு தனித் தொல்லை. இரும்புப் பெட்டியும் இரும்புத் திருகும் சீக்கிரம் துருப்பிடித்துப் போகும். பாலிகார்பனேட் பெட்டி, துருப்பிடிக்காத எஃகுத் திருகு, பித்தளை முனை ஆகியவற்றை வாங்குங்கள். சிப்காட்டை ஒட்டிய நிலங்களில் உருக்கு, உருட்டு ஆலைத் தூசி படியும். அதில் இரும்புத் துகள் இருந்தால், ஈரம் சேரும்போது மின்சாரம் கடத்தத் தொடங்கும். வயர் நுழையும் துளைகளில் ரப்பர் வளையமுள்ள கிளாண்ட் போட்டு இறுக்குங்கள். எல்லா வயரும் பெட்டியின் அடிப்பக்கமாக நுழையட்டும். மேலே துளை போட்டால் மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும்.

வயரிங் வரிசை

230 வோல்ட் பக்கத்து வேலையை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். அவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்ப்பதற்காக இங்கே சொல்கிறோம்.

மெயினை நிறுத்தி, டெஸ்டரோடு நின்றுவிடாமல் மல்டிமீட்டராலும் சரிபார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். வீட்டு போர்டில் இருந்து வரும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதற்கு அடுத்து 6 ஆம்பியர் எம்.சி.பி. இரும்பு டிரான்ஸ்பார்மராக இருந்தால் எம்.சி.பி. 'சி' ரகமாக இருக்கட்டும். ஸ்விட்ச் போட்ட நொடியில் அந்த வகை டிரான்ஸ்பார்மர் பெரிய மின்னோட்டத்தை இழுக்கும், 'பி' ரகம் காரணமில்லாமல் விழும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்கு மூன்று இழை வயர்: பேஸ், நியூட்ரல், எர்த். உலோக உடம்பு இருந்தால் எர்த் கட்டாயம். உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை.

வெளியீட்டுப் பக்கத்தில் இரண்டே வயர். இந்த இரண்டில் எதையும் எர்த் செய்யக் கூடாது. எர்த் என்றாலே பாதுகாப்பு என்று நினைத்துச் சிலர் இங்கும் இணைத்துவிடுகிறார்கள். இந்தப் பக்கம் லைனில் இருந்தும் மண்ணில் இருந்தும் முழுவதும் பிரிந்து நிற்பதே இதன் பாதுகாப்பு. அதேபோல 230 வோல்ட் வயரையும் 24 வோல்ட் வயரையும் ஒரே பைப்பில் கொண்டு போகக் கூடாது. எலி இரண்டையும் சேர்த்துக் கடித்தால் தோட்டம் முழுக்க 230 வோல்ட் பரவிவிடும்.

வெளியீட்டை ஒரே பாதையாக விடாமல் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி பியூஸ் போடுங்கள். நம் மாதிரியில் பாதைக்கு 2.08 ஆம்பியர், அதற்கு 3 ஆம்பியர் பியூஸ். கொட்டகைக்கும் வாசலுக்கும் சேர்த்து 1.25 ஆம்பியர், அதற்கு 2 ஆம்பியர் பியூஸ். 'குறைந்த வோல்ட்தானே, 10 ஆம்பியர் இருக்கட்டும்' என்று விடக் கூடாது. 12 வோல்ட்டில் ஒன்றரை ஸ்கொயர் வயர் 60 மீட்டர் போய், அந்தக் கோடியில் ஷார்ட் ஆனால் வயரின் தடையால் மின்னோட்டம் ஏழரை ஆம்பியருக்கு மேல் வராது. 10 ஆம்பியர் பியூஸ் கடைசிவரை போகாது. இரும்பு டிரான்ஸ்பார்மராக இருந்தால் இரவெல்லாம் அது காய்ந்துகொண்டே இருக்கும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது சரி, தீப்பிடிக்க வைக்கும். பக்கத்தில் வைக்கோல் போர் இருக்கும் இடத்தில் இதை மறக்காதீர்கள்.

டிசியாக இருந்தால் சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ் என்று கடைசி விளக்குவரை ஒரே நிறத்தைக் காப்பாற்றுங்கள். வயர் தீர்ந்துவிட்டது என்று நடுவில் நிறம் மாற்றினால், அடுத்த வருடம் பழுது பார்க்க வருபவர் மாற்றி இணைத்துவிடுவார்.

மண்ணுக்குள் போகும் வயரை எச்.டி.பி.இ. பைப்பில் விட்டு ஒன்றரை அடிக்குக் குறையாமல் புதையுங்கள். டிராக்டரும் ரோட்டவேட்டரும் குறுக்கே போகும் இடங்களில் இரண்டரை அடி. பைப்புக்கு மேல் ஒரு வரிசை உடைந்த ஓடோ செங்கல்லோ அடுக்கினால், பின்னாளில் மண்வெட்டி போடும்போது முதலில் அது தட்டுப்படும். வயர் போன பாதையை ஒரு தாளில் வரைந்து பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.

இணைப்புகள் மண்ணுக்கு அடியில் வேண்டாம். ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் தரைக்கு ஒரு அடி மேலே சிறிய ஜங்ஷன் பாக்ஸ் வைத்து அதற்குள் இணையுங்கள். கறுப்பு டேப் ஒரு மழைக்குத் தாங்காது. ஜெல் நிரப்பிய கனெக்டர் அல்லது உட்புறம் பசை உள்ள சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். டிசி லைனில் ஈரம் புகுந்த இணைப்பு ஏசியைவிடச் சீக்கிரம் அரிக்கும். பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு பச்சையாகிப் பொடியாக உதிர்ந்துவிடும்.

ஓடவிட்டுப் பார்த்தல்

லைன் கொடுப்பதற்கு முன் எலெக்ட்ரீஷியனிடம் மெகர் கருவியால் 230 வோல்ட் பக்கத்துக்கும் 24 வோல்ட் பக்கத்துக்கும் இடையே காப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எஸ்.எம்.பி.எஸ். ஆக இருந்தால், மெகர் வைக்கலாமா என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்.இ.டி. விளக்குகளை இணைத்தபடியே மெகர் வைத்தால் அவை போய்விடும். ஆர்.சி.சி.பி.யின் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும்.

எல்லா விளக்கையும் எரியவிட்டு, பெட்டியிலும் கடைசி விளக்கிலும் மல்டிமீட்டர் வையுங்கள். பெட்டியில் 24, கடைசியில் 22.8-க்கு மேல் இருந்தால் சரி. அதற்குக் கீழே என்றால் வயர் மெலிது அல்லது எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. பெட்டியில் இருந்து ஒவ்வொரு விளக்காக அளந்துகொண்டே போனால், எந்த இரண்டு விளக்குகளுக்கு நடுவே வோல்ட் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் கோளாறு. இரண்டு மணி நேரம் கழித்து டிரான்ஸ்பார்மரின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். கை தாங்காத சூடு என்றால் லோடு அதிகம் அல்லது காற்றோட்டம் போதவில்லை.

பயிருக்கு வெளிச்சம் ஆகுமா?

விளக்கை எங்கே நடுவது என்பதில் எலெக்ட்ரீஷியனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. இரவு நீளத்தைப் பார்த்துக் கதிர் விடும் பழைய நீண்டகாலச் சம்பா ரகங்கள் விளக்கு வெளிச்சத்தில் நின்றால் இரவு வந்ததையே உணராது. தெருவிளக்குக்குக் கீழே உள்ள நெல் மட்டும் கதிர் விடாமல் பச்சையாகவே நிற்பதைச் சாலையோர வயல்களில் பார்த்திருப்பீர்கள். செவ்வந்திக்கும் இதே குணம்தான், இரவில் வெளிச்சம் பட்டால் பூப்பது தள்ளிப்போகும். ஏ.டி.டி. 43 போன்ற குறுகியகால ரகங்களில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. உங்கள் ரகம் எந்த வகை என்று திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

வயலை ஒட்டிய பாதையில் விளக்கு முழங்கால் உயரத்தில், மேல் மூடியோடு, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி இருக்கட்டும். பாம்பைப் பார்க்க அந்த உயரமே நல்லது. மஞ்சள் கலந்த 2,700 முதல் 3,000 கெல்வின் விளக்குக்கு வெள்ளை விளக்கைவிடப் பூச்சிகள் குறைவாக வரும். பூச்சியைக் கவர்ந்து அழிக்கும் விளக்குப்பொறி வேறு. அதன் வேலையைப் பாதை விளக்கு செய்யாது, பயிருக்குப் பக்கத்தில் பூச்சியைக் கூட்டி வைப்பதோடு சரி. ஆள் நடக்காத நேரத்தில் அணைந்துவிடும்படி டைமரோ நடமாட்ட சென்சாரோ வைத்தால் பயிருக்கும் நல்லது.

இணைப்பும் பராமரிப்பும்

இந்த விளக்குகளுக்கு வீட்டு இணைப்பில் இருந்தே மின்சாரம் எடுங்கள். பம்பு செட்டுக்கான இலவச விவசாய இணைப்பு பாசனத்துக்காகத் தரப்படுவது. மோட்டார் ரூமில் விளக்குக்கு எவ்வளவு அனுமதி என்பதை உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்குள் நிற்க வேண்டும். புயலில் மின்வாரியக் கம்பி அறுந்து விழுந்தால் அருகில் போகாமல் மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். உங்கள் 24 வோல்ட் வயர் செத்தை குப்பையில் அந்தக் கம்பியோடு சேர்ந்து கிடக்கலாம். அதையும் தொடாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் ஒரு நாள் ஒதுக்குங்கள். பெட்டியைத் திறந்து எறும்பு, தூசி, துரு பாருங்கள். முனைத் திருகுகளை இறுக்குங்கள். ஆர்.சி.சி.பி. பொத்தானை அழுத்திப் பாருங்கள், இதை மட்டும் மாதம் ஒரு முறை செய்யலாம். கடைசி விளக்கில் வோல்ட்டை அளந்து, பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். போன வருடம் 22.9 இருந்தது இந்த வருடம் 21 என்று காட்டினால், விளக்கு மங்குவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எந்த இணைப்பில் தண்ணீர் புகுந்தது என்று தேட ஆரம்பித்துவிடலாம்.